பாத்திஹா ஓதி விற்ற வண்டி

அன்னாபாவிலிருந்து

அன்பு மகள் வஸீலாவுக்கு உம்மாவின் ஸலாம். நீயும் மருமகனும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் கருணை செய்யட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

வாப்பாவின் வண்டியை விற்றுவிட்டோம். போனில் சொன்னால் நீ அழுவாய், வாப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். பக்கவாதத்தில் விழுந்தவர் இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் ரமலானுக்கு முன்பே சொல்லிவிட்டார். நான் உன்னிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. அவரோ விழுந்த கைக்குப் பலம் வர ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே, கோடை வந்ததும் கடற்கரைக்கு ஓட்டிப்போவதாகவே பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு கமாலைக் கூப்பிட்டு எஞ்சினை ஓடவிடச் சொல்லி, படுத்தபடியே கேட்டு, என்னைவிட நல்லா மூச்சு விடுது பாருன்னு சிரிப்பார். எனக்குச் சிரிப்பா வரும்?

மருந்துக்கும் நர்ஸுக்கும் வேறு வழியில்லை. சர்வீஸுக்கு விடுவதாக அவரிடம் பொய் சொல்லி, கமாலை விட்டு வண்டியைத் தெருமுனையில் நிறுத்த வைத்தேன். வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள், அடியில் படுத்துப் பார்த்தார்கள், ஒரு கீறல் கிடைக்கவில்லை. என்ன விலை என்று கேட்டதும் மடைச்சி நான் விலையைச் சொல்லிவிட்டேன். நம் ஊரில் விற்கிறவன் விலை சொல்வானா? இன்னார் இவ்வளவுக்குக் கேட்டுட்டுப் போயிருக்கார், நீங்க என்ன தருவீங்கன்னுதானே வாப்பா ஆரம்பிப்பார். கேட்டவுடன் விலை சொல்றாளே, எஞ்சின்ல ஏதோ இருக்குடா என்று அவர்கள் நடையைக் கட்டினார்கள். அவர் குழந்தையைப் போல் துடைத்து வைத்த வண்டிக்கு என் வாயாலேயே கெட்ட பெயர்.

கடைசியில் ரொட்டிக்கடை ஹாஜி முக்தாருக்கு வண்டி பிடித்துப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார். வண்டி என் பெயரில்தானே இருக்கிறது, என் கையெழுத்தே போதும் என்றேன். அவரோ, கையெழுத்து கிடக்கட்டும் தங்கச்சி, ஓட்டினவரோட உக்காந்து பாத்திஹா ஓதினாத்தான் எனக்கு வியாபாரம் முடியும் என்றார். அவர் ஊரில் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து வாப்பா, யாரு அது, வரச் சொல்லுன்னு குரல் கொடுத்துவிட்டார்.

ஹாஜி கட்டிலருகே உட்கார்ந்து, தங்கமா வச்சிருக்கீங்க வண்டியை என்று சொல்லி இரண்டு கைகளையும் ஏந்தினார். பாத்திஹாவுக்கு ஏந்திய கையைப் பார்த்ததும் வாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைத் தூக்கவில்லை, என்னையே பார்த்தார். மனசில்லாதவர் வண்டி எனக்கு வேணாம்பா என்று ஹாஜி எழுந்தார். இருங்க ஹாஜின்னு அவரை நிறுத்திவிட்டு, டாக்டர் சொல்லிட்டாரான்னு என்னிடம் கேட்டார் வாப்பா. தலையாட்டினேன். எப்போ என்றார். ரமலானுக்கு முன்னால் என்றேன். அடிப்பாவி, இத்தனை நாளா அந்த ரப்பர் பந்தை என்னைச் சும்மாவா அமுக்க விட்டே என்றார். அவர் இடது கையை ஏந்தினார். விழுந்து கிடந்த வலது கையை நான்தான் தூக்கி, கீழே என் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஓதி முடித்தார்கள். முகத்தைத் தடவிக்கொள்ளவும் அந்தக் கையை நான்தான் கொண்டுபோனேன். உங்களுக்கு பரக்கத்தா இருக்கட்டும் என்று வாப்பா ஹாஜியிடம் தெளிவாகச் சொன்னார். அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை, தட்டில் வைத்த கூஸ்கூஸ் அப்படியே திரும்பி வருகிறது.

குழந்தைக்குக் காது மூடும் தொப்பி போடு, மருமகனிடம் கோபித்துக்கொள்ளாதே. அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே. போனில் வாப்பாவிடம் எப்போது நடப்பீர்கள் என்று இனிமேல் கேட்காதே. அடுத்த வருஷம் வருகிறேன் என்றும் சொல்லாதே மகளே, இந்த வருஷமே வா.

உன் உம்மா,
ஸுஹூர்