பதினொரு விடைத்தாள்களில் ஒரே வாக்கியம் வந்த காரணம் குறித்து

அனுப்புநர்:
தையல் மேசைப் பொறுப்பாளர்,
சலவைப் பிரிவு, பொது மருத்துவமனை.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பணியாளர் பயிற்சித் துறை.

பொருள்: பணியாளர் ஆங்கிலத் தேர்வு – ஆறாவது வினா – பயிற்றுநர் விடையைச் சொல்லிக்கொடுத்ததாகக் குற்றச்சாட்டு – அதை மறுத்தும், இதுவரை மறைத்ததைத் தெரிவித்தும் மனு – தொடர்பாக.

பார்வை: பயிற்றுநரின் வகுப்பு அனுமதியை நிறுத்திவைத்த தங்கள் ஆணை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி சலவைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கிழிந்த படுக்கை விரிப்பு, பித்தான் அறுந்த நோயாளி உடை, ஓரம் பிரிந்த துண்டு எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். இயந்திரத்தையோ மேசையையோ பொறுப்பில் வைத்திருப்பவர்கள் சம்பவ அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதித் தேர்ச்சி பெற வேண்டும், தவறினால் உதவியாளர் நிலைக்கு இறக்கப்படுவர் என்று சென்ற ஆண்டு தங்கள் துறை ஆணையிட்டது. அதைப் படித்துவிட்டு நான் சொன்னதை இந்த மனுவில் எழுத இயலாது.

2. எங்கள் பதினொரு பேருக்கும் பாடம் எடுக்க முன்வந்தவர் மருந்துக் கிடங்கின் எழுத்தர். அவர் என் மகனின் மனைவி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் வந்து தங்கள் காதில் போட வேண்டாம். மருமகள் என்பதால் புகழ்கிறேன் என்று தாங்கள் கருதக் கூடாது. மருமகள் என்பதால்தான் இத்தனை நாளும் புகழாமல் இருந்தேன். வகுப்பின் முதல் பரீட்சையில் எனக்கு இருபதுக்கு மூன்று போட்டார். அன்று வீட்டில் அவர் சமையலில் நான் நான்கு குறை கண்டுபிடித்தேன். மறுநாள், மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே எனக்கும், நிதானமாக முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

3. அவர் பாடம் எடுத்த முறையைத் தாங்கள் அறிய வேண்டும். பணி முடிந்ததும் துணி மடிக்கும் அறையில் கூடுவோம். அங்கே ஈரத் துணி போடும் கொடி ஒன்று உண்டு. நாங்கள் எழுதிய வாக்கியச் சீட்டுகளை அந்தக் கொடியில் கிளிப் போட்டு மாட்டச் சொல்வார். முன்னே நடந்தது இடப்பக்கம், பின்னே நடந்தது வலப்பக்கம். ஒன்றுக்கும் முன்னால் இன்னொன்று நடந்து முடிந்திருந்தால் அதை இன்னும் இடப்பக்கம் தள்ளி, 'ஹேட்' (had) சேர்க்க வேண்டும். முப்பத்தோரு வருடம் கொடியில் துணி போட்டவள் நான். என் சீட்டை அவர் மூன்று முறை கழற்றிக் கையில் கொடுத்தார். நான்காவது முறை சரியான இடத்தில் மாட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4. 'மஸ்ட்', 'மைட்', 'ஷுட்' போன்ற சொற்களுக்கு அவர் விதி எதுவும் எழுதிப் போடவில்லை. ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, "இது நீங்க பார்த்ததா, நினைச்சதா?" என்று கேட்பார். பார்த்ததற்கு ஒரு சொல், ஏறக்குறைய நிச்சயமாக நினைத்ததற்கு ஒன்று, இருக்கலாம் என்று நினைத்ததற்கு ஒன்று. இப்படிக் கேட்டுக் கேட்டே, வாய்க்கு வந்ததைப் பேசிப் பழகிய எங்களை, ஒரு வார்த்தைக்கு முன் நின்று யோசிக்க வைத்துவிட்டார். எங்கள் சலவைப் பிரிவில் இது சாதாரண விஷயம் இல்லை.

5. எல்லோரும் சேர்ந்து எழுத, எல்லோரும் நேரில் இருந்த ஒரு சம்பவம் வேண்டும் என்றார். வகுப்பு தொடங்குவதற்கு மூன்று மாதம் முன் எங்கள் பிரிவில் நீராவிக் குழாய் வெடித்தது. விளக்கு மாற்ற வந்து ஏணியில் நின்றிருந்த மெக்கானிக்கின் வலது கை வெந்துபோனது. அதையே எடுத்துக்கொண்டோம். விசாரணையில் நாங்கள் பதினொரு பேரும், முன்கூட்டிக் கசிவு எதையும் பார்க்கவில்லை என்று கையெழுத்திட்டிருந்தோம். பராமரிப்பில் அவர்தான் அலட்சியமாக இருந்தார் என்று முடிவாகி, அவரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் நாங்கள் உள்ளே வரும்போது அவர்தான் கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்பார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் போய்விடுவேன்.

6. வகுப்பில் எங்கள் முதல் சீட்டுகளில், மெக்கானிக்குக் கசிவு தெரிந்திருக்கும் என்று 'மஸ்ட்' போட்டு எழுதினோம். "எப்படித் தெரியும்? யாரு சொன்னது?" என்று பயிற்றுநர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டு நாள் அந்தச் சீட்டுகள் கொடியில் அப்படியே தொங்கின. மூன்றாம் நாள், எங்களில் துணி கொண்டுபோகும் தள்ளுவண்டிக்காரர் எழுந்துபோய்த் தன் சீட்டைக் கழற்றி, வேறொன்றை மாட்டினார்: 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்.' அதாவது, நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

7. ஐயா, அந்தக் கசிவு ஒன்பது நாளாக இருந்தது. எங்கள் அனைவருக்கும் தெரியும். இஸ்திரி இயந்திரக்காரி அதன் கீழே வாளி வைத்தாள். மடிப்பு மேசைப் பெண்கள் இருவர் மாறி மாறி வாளியைக் கொட்டினார்கள். தள்ளுவண்டிக்காரர் வண்டியைக் குழாய்க்கு முன்னால் நிறுத்தினார், துணி நனையாமல் இருக்க. அதனால் மெக்கானிக்கின் கண்ணிலும் அது படவில்லை. நான் பழைய துண்டு ஒன்றை இரட்டையாக மடித்துத் தைத்து, இணைப்பைச் சுற்றிக் கட்டக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு வேலை செய்தோம். மெக்கானிக்கிடம் சொல்லும் வேலையை மட்டும், இன்னொருவர் செய்திருப்பார் என்று விட்டுவிட்டோம். அதன்பிறகு விசாரணையில் பயந்து பொய் சொன்னோம்.

8. பணியிடச் சம்பவம் ஒன்றைப் பத்து வாக்கியங்களில் எழுதுக என்றது தங்கள் ஆறாவது வினா. நாங்கள் கலந்து பேசவில்லை. மனதில் வேறு சம்பவம் இருந்தால்தானே எழுத? பதினொரு தாள்களிலும் கடைசி வாக்கியம் 'ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்று ஒன்றாகவே வந்தது. ஒருவர் சொல்லிக்கொடுத்துப் பதினொரு பேர் எழுதியதாகத் தங்கள் திருத்துநர் குறித்திருக்கிறார். தாள்களை அருகருகே வைத்து முதல் ஒன்பது வாக்கியங்களைப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒன்றில் வாளி இருக்கும், ஒன்றில் வண்டி இருக்கும், என்னுடையதில் துண்டு இருக்கும். அவரவர் செய்ததைத்தான் அவரவர் எழுதினோம்.

9. தங்கள் அலுவலகத்தில் பயிற்றுநரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டபோது, "அவங்க எழுதினது அவங்களோடது" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆணையிலேயே கண்டிருக்கிறது. அதை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கோபத்தில், "உள்ளதைச் சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே" என்று பொரிந்து தள்ளினேன். அவர், "அது நீங்க சொல்ல வேண்டியது அத்தை. நான் எப்படி எடுத்துக் குடுக்கறது?" என்றார். சொல்லிவிட்டுத் துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இந்த வீட்டுக்கு அவர் வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்படிப்பட்ட ஒருவர் கிடைக்க நாங்கள் என்ன செய்தோம் என்று அன்றுதான் நினைத்தேன்.

10. இந்த மனுவை எழுதுவதற்கு முன் நாங்கள் பதினொரு பேரும் இன்று காலை வாசலுக்குப் போனோம். இம்முறை நான் கைப்பையைத் திறக்கவில்லை. நடந்ததை முழுதும் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும்க்கா. குழாயோட கீழ விழுந்துச்சே துண்டு, அதுல உங்க தையல் இருந்துச்சு" என்றார். பிறகு காவலறை மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். துவைத்து மடித்து வைத்திருந்தார். விசாரணையில் அதை ஒருமுறை எடுத்து நீட்டியிருந்தால் போதும். ஏன் நீட்டவில்லை என்று கேட்டதற்கு, "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். நாங்கள் வந்து சேர எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

11. ஆகவே ஐயா அவர்கள் பயிற்றுநர் மீதான குற்றச்சாட்டை நீக்கி, வகுப்பு நடத்தும் அனுமதியைத் திரும்ப வழங்க வேண்டுகிறேன். இதை ஓர் உறவினராகக் கேட்கவில்லை. இருபதுக்கு மூன்று வாங்கிய மாணவியாகக் கேட்கிறேன். எங்கள் தேர்வு முடிவு குறித்து நாங்கள் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பழைய வாக்குமூலங்களைத் திரும்பப் பெறுகிறோம்; இம்மனுவின் நகலை, மெக்கானிக்கை அவர் வேலையில் மீண்டும் அமர்த்தக் கோரி, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் இன்றே கொடுக்கிறோம். பொய்க் கையெழுத்துக்கு உரிய நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறோம். உதவியாளர் நிலைக்கு இறக்கினாலும் அதே மேசையில் உட்கார்ந்து தைப்பேன்.

12. இப்படி ஒரு மனு எழுதியது என் மருமகளுக்குத் தெரியாது. தங்கள் ஆணை வந்து அவர் அறியட்டும். முகத்துக்கு நேரே இதையெல்லாம் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அதையும் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையை உள்ளபடி எழுதிய,

(கையொப்பம்)
தையல் மேசைப் பொறுப்பாளர்,
மற்றும் பத்துப் பேர்

இடம்: சலவைப் பிரிவு, துணி மடிக்கும் அறை
நாள்: மார்ச் 14

இணைப்பு:
பதினொரு பேரின் கையொப்பத் தாள் – 1
துண்டு (தையலை ஒப்பிட்டுப் பார்க்க, பார்த்த பின் வாசல் காவலரிடம் திருப்பித் தரவும்) – 1