வெங்காயத்தோடு சிரித்த படம்

18.11.2024, திங்கள்
வாடைக்காற்று. தோணியில் வெங்காயம் ஏற்றி முடிந்தது. நாளை மறுநாள் மாலேக்குப் புறப்பட வேண்டும்.

மதியம் மகள் ஜெனிலா போனை நீட்டினாள். மாலே டிவி ஒன்றின் செய்தி. வேறு ஏதோ தோணியில் சிகரெட் கடத்தி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் திரையில் நான்! வெங்காயத்தைத் தூக்கிக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். மார்ச் மாதம், ரமலானுக்குக் காய்கறி வந்ததைப் பற்றி எடுத்த படம் அது. அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டான்கள்.

"எப்பா, நீங்க சிரிச்சுக்கிட்டே நிக்கிய" என்றாள். வேறு என்ன சொல்லுவாள்?

19.11
இங்கே யூடியூபிலும் தமிழ்த் தலைப்போடு வந்துவிட்டது. மூன்று பேர் போட்டிருக்கிறார்கள்.

தோணி முதலாளி சாலிஹ் காக்கா கூப்பிட்டு அனுப்பினார். "உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல, தண்டல். ஆனா அங்கன கஸ்டம்ஸ்காரன் உங்க முகத்தப் பாத்தா மூடை மூடையா அவுத்துப் பாப்பான். சரக்கு தாங்காது. இது தீரட்டும்."

இருபத்திரண்டு வருஷமாகத் தோணி நடத்துகிற தண்டல் நான். வேறு தண்டல் போகிறானாம். அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது.

20.11
தோணி போய்விட்டது. நான் கரையில்.

2.12
ஜெனிலா டில்லிக்குப் புகார் அனுப்பியிருக்கிறாள், ஒளிபரப்பைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்கு. "டிவிக்காரன் மாலேயில இருக்கான். டில்லிக்காரன் என்னத்தக் கிழிப்பான்?" என்று கத்தினேன். "எழுதாம இருந்தா மட்டும் என்ன நடந்துரப் போவுது?" என்றாள்.

10.12
மீன் வாங்க நின்றேன். பின்னாலிருந்து ஒருத்தன், "அண்ணாச்சி, சிகரெட் இருக்கா?" சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்திருக்கக் கூடாது. மீனும் வாங்கவில்லை.

20.12
டில்லியிலிருந்து பதில். அந்தச் சேனல் எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பது முதல் வரி. தெரிந்ததுதானே என்று தாளை வைத்துவிட்டேன். ஜெனிலாதான் மிச்சத்தை வாசித்தாள். மாலேயில் இதே வேலை பார்க்கிற ஊடக ஆணையத்துக்குப் புகாரை அனுப்பிவிட்டார்களாம். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.

எனக்காக ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்திடம் கேட்கிறதா? நம்பலாமா?

9.1.2025
வீடியோவில் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒரே திரையில் டில்லி அலுவலகத்து அம்மா, மாலே ஆணையத்து அதிகாரி, நான். ஜெனிலா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள்.

சேனலிடமிருந்து முழுப் படத்தையும் மாலே அதிகாரி வாங்கி வைத்திருந்தார். அதிலேயே மார்ச் மாதத் தேதி இருக்கிறது. சேனல் தப்பை ஒத்துக்கொண்டது. மன்னிப்பை வெறும் எழுத்தில் போடவா, இல்லை என் படத்தோடு போடவா, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் அந்த அதிகாரி. யோசிக்க ஒரு நாள் கேட்டேன்.

10.1
இன்னொரு தடவை அந்த முகம் வரக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தது என் முகத்தை. வெறும் எழுத்து ஓடினால் யாருக்கு என்ன தெரியும்?

"அதே படத்தப் போடச் சொல்லு" என்றேன்.

"அந்தச் சிரிப்போடயா?"

"அதோடதான். நான் எதுக்கு மறைக்கணும்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஜெனிலாவும் அழுதாள்.

21.1
அதே செய்தி நேரத்தில் என் படத்தோடு மன்னிப்பைப் போட்டார்கள். இவருக்கும் கடத்தலுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தடவை சொன்னார்கள். மாலே உத்தரவை வைத்து டில்லி அம்மா இங்கத்திய வீடியோக்களையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு போய்விட்டது. ஒன்று இன்னும் இருக்கிறது; விட மாட்டாள் ஜெனிலா.

சாயங்காலம் சாலிஹ் காக்கா வீட்டுக்கே வந்தார். "அடுத்த புதன் சரக்கு ஏத்துதோம். வாரியளா?" சரியென்று தலையை ஆட்டினேன்.

3.2.2025, மாலே
மூன்றரை நாள் ஓட்டம். தக்காளி பன்னிரண்டு பெட்டி நசுங்கல். கஸ்டம்ஸ் வழக்கமான சோதனைதான், அரை மணி நேரம்.

சரக்கு இறங்கும்போது கேமராவோடு ஒரு பெண் வந்தாள். துறைமுக நெரிசல் பற்றிய செய்தியாம். எங்களுக்குள் ஓடியது அரைகுறை இந்தி. படத்தில் தேதி போடுவாயா என்று கேட்டேன். இப்போது பழைய படம், புதுப் படம் எல்லாவற்றிலும் போட வேண்டும், ஆணையத்தின் உத்தரவு என்றாள். யாரோ இந்தியத் தண்டல் ஒருவர் புகார் கொடுத்தாராம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே நிற்கட்டும் என்று கேட்டேன்.