தண்ணீர் கடித்தது

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி கனிமொழி எழுதுவது. இங்கே நானும் மகள் பூர்ணிமாவும் அத்தையும் நலம். நலமாகவே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை சண்டையும்.

போனில் நான் வாயைத் திறந்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி பிரபாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் அது அங்கேயே கிடக்கும். கோபம் ஆறியதும் எடுத்துப் படியுங்கள்.

பூர்ணிமாவின் காதணி விழாவுக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. கம்மாபுரத்துச் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வருகிறார்கள். எல்லோருக்கும் நீங்கள் வாங்கி அனுப்பிய நீச்சல் தொட்டி மேல்தான் கண். இரும்புக் காலும் ஏணியுமாக அது தோட்டத்தில் நிற்பதைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை உங்கள் அண்ணன் தொட்டி மோட்டாரைப் போட்டார். பூர்ணிமா ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தண்ணீரில் கையை விட்டாள். "அம்மா, தண்ணி கடிக்குது" என்று வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எறும்பாக இருக்கும் என்றார் உங்கள் அண்ணன். எறும்பு இல்லை, தண்ணிதான் என்று மறுபடியும் சொன்னாள். பொய் சொல்லாதே என்று அத்தை தலையில் குட்டினார்கள்.

நான் தொட்டேன். சுருக்கென்றது. செராமிக் எஸ்டேட்டில் ஒன்பது வருஷமாகப் பீங்கான் இன்சுலேட்டருக்குக் கரண்ட் விட்டுச் சோதிக்கிறவள் நான். எனக்கு எறும்பும் தெரியும், கரண்டும் தெரியும். மீட்டரின் ஒரு முனையைத் தொட்டியின் இரும்புக் காலிலும் மறுமுனையை ஈர மண்ணிலும் வைத்தேன். ஒன்பது வோல்ட். நேரே மெயினுக்குப் போய் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து அது என் டிபன் பையில் இருக்கிறது. வேலைக்கும் கூடவே வருகிறது.

உங்கள் அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "எர்த்து குடுத்தாச்சு, அப்புறம் என்னா? ஐ.டி.ஐ. படிச்சுட்டா பெரிய இன்ஜினியரா?" என்றார். எர்த்து வேறு, இது வேறு என்று எத்தனை முறை சொல்வது? தொட்டியில் கரண்ட் ஒரு மட்டம், காலடி மண்ணில் வேறு மட்டம் என்றால், இரண்டையும் தொட்டு நிற்கிற பிள்ளையின் உடம்பு வழியாகத்தான் அது ஓடும். இன்று மோட்டார் கசிகிறது, நாளைக்கு வேறு எங்கிருந்தாவது மண் வழியாக வரும். தொட்டியின் கால், ஏணி, மோட்டார், தண்ணீர், சுற்றியுள்ள தரை எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் எல்லாம் ஒரே மட்டம். தொட்டியோடு வந்த புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது. உங்கள் அண்ணன் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அண்ணனை எதிர்த்துப் பேசுவதென்றால் உங்க அம்மா வூட்டுக்குப் போ என்றீர்கள். போகிறேன். பியூஸ் கட்டையும் என்னோடு வரும். அத்தை கொளஞ்சியப்பர் கோயிலில் என் பேரில் சாமிக்குப் புகார்ச் சீட்டாகப் பிராது எழுதிக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். எழுதும்போது ஒன்பது வோல்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அத்தை, சாமிக்கு விவரம் முழுசாகத் தெரியட்டும் என்றேன்.

நேற்று லீவு போட்டேன். உங்கள் அண்ணன் பதித்த சிமெண்ட் கல்லை நானே பெயர்த்தேன். தொட்டியைச் சுற்றி வாய்க்கால் மாதிரி வெட்டிச் செம்புக் கம்பியைப் பதித்து, நாலு பக்கமும் இரும்புக் காலோடும், தண்ணீருக்குள் இறங்கும் ஏணியோடும், மோட்டாரோடும் முடுக்கினேன். கம்பிச் சுருள் முறுக்கிக்கொண்டபோது மறுமுனையைப் பிடித்தது யார் தெரியுமா? அத்தை. முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

கசிந்த மோட்டாரையும் சரி செய்து, ஷாக் அடித்தால் தானே விழுகிற சுவிட்சும் வைத்து, கட்டையைப் போட்டு ஓட்டினேன். மீட்டரில் பூஜ்யம். மீட்டரை மட்டும் நம்பிப் பிள்ளையை இறக்க மனசு வரவில்லை. பூர்ணிமாவை உள்ளே அனுப்பிவிட்டு, வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையைத் தண்ணீரில் விட்டேன். ஒன்றும் செய்யவில்லை.

இவ்வளவு செய்தும் கட்டையைத் திரும்பக் கழற்றி வைத்திருக்கிறேன். பூர்ணிமா தொட்டிப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். பயமா என்று கேட்டேன். இல்லையாம். "நான் பொய் சொல்றேன்னுதான எல்லாரும் சொன்னீங்க" என்கிறாள். அன்றைக்குப் போனில் அவள் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்களாம். அதை மறக்கவில்லை அவள்.

வெயிலில் நின்று வேலை செய்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு முன்னால் நல்லபடியாக வந்து சேருங்கள். வருவதற்குள் ஒரு நாள் போன் செய்யுங்கள். என்னிடம் பேச வேண்டாம். பூர்ணிமாவைக் கூப்பிட்டு, தண்ணி கடிச்சது நெசந்தான் கண்ணு என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரும்ப மாட்டுவதற்குப் பியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கனிமொழி