ஈரக்கையும் சில்லறையும்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று கடையைத் திறந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. பலகையைக் கழுவி, ஐஸ் கொட்டி, மத்தியையும் கானாங்கெளுத்தியையும் அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், பணம் வாங்க ஆள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்தேன், இதை யோசிக்கவே இல்லை.

இத்தனை வருஷமும் நான் வெட்டுவேன், அவர் பணம் வாங்குவார். என் கை ஈரக்கை, அவர் கை காய்ந்த கை. கடைக்குள் அவர் ஒரு மீனைத் தொட்டதில்லை, நான் ஒரு நோட்டைத் தொட்டதில்லை. கசங்கிய நோட்டைக் கொடுத்தால் தொடையில் வைத்து நீவி நீவி நேராக்குவார். "இஸ்திரி போட்டுக் குடுத்தா கூலி தனி" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

இன்று ஒவ்வொரு ஆளுக்கும் கையைக் கழுவி, துடைத்து, நோட்டை வாங்கி, மறுபடி மீனைத் தொட்டு. வரிசை நின்றுவிட்டது. அவசரத்தில் துடைக்காமல் வாங்கினேன். ஐந்து நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேனோ என்னவோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் நோட்டை நுனி விரலில் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, இது நோட்டா கருவாடா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நோட்டையெல்லாம் சமையலறைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன். இந்த வேடிக்கையைச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்தது ஐந்தாவது. பிழை இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

கொழுந்தன் வந்தான். அவரோடு கூடப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். கிடங்கு வேலை போய் வீட்டில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள்.

"அண்ணி, நீங்க வெட்டுங்க. நான் அண்ணன் எடத்துல உக்காந்துக்கறேன்."

அவனுக்கும் வேலை வேண்டும், எனக்கும் ஒரு காய்ந்த கை வேண்டும். சரி என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்காருகிற விதம் அப்படியே அண்ணன்தான். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு. நான் மீனைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று மார்க்கெட் முழுக்க ஒரே பேச்சு. ஐந்து நோட்டும் பத்து நோட்டும் இனி அச்சடிக்க மாட்டார்களாம். அதற்குப் பதில் புது நாணயம் வருமாம். கொஞ்ச நாள் இரண்டும் ஓடும், பிறகு சின்ன நோட்டு செல்லாது.

வழக்கமாக நெத்திலி வாங்கும் டீச்சரம்மா சொன்னார்: "சின்ன நோட்டு ஒரு வருஷம் தாங்கறதே பெருசும்மா. கை மாறிக் கை மாறிக் கிழிஞ்சுடுது. காயின்னா நம்ம காலத்துக்கும் இருக்கும்."

பக்கத்துக் கோழிக்கடை அண்ணன் ஒரே குதி. "அது இருக்கும் டீச்சர், என் சட்டைப் பை இருக்குமா? இப்பவே பொண்டாட்டி தையல் போட்டுப் போட்டு அலுத்துட்டா. இனிமே நடந்தா மாட்டு மணி மாதிரி சத்தம் வரும். கடன்காரன் தூரத்துலயே கண்டுபுடிச்சுடுவான்."

"நோட்டுக்கு எடையில்ல, அதான் உங்க கையில நிக்கறதில்ல" என்றார் டீச்சரம்மா.

எனக்கு மனசுக்குள் வேறு ஒன்று ஓடியது. தண்ணீரில் விழுந்தாலும் நாணயத்துக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கூட்டம். ஒருத்தி என்னிடம்தான் விலை கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கொழுந்தன், "இங்க கேளுங்க, இங்க" என்று ஸ்டூலைத் தட்டினான். அதற்குப் பிறகு எல்லாரும் அவனையே பார்த்துக் கேட்டார்கள்.

அவரிடமும்தான் கேட்பார்கள். ஆனால் அவர் என் பக்கம் கையைக் காட்டி, "ஓனரம்மாவ கேளுங்க, நான் கணக்குப்பிள்ளை" என்பார். எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததே இல்லை. இன்றுதான் தெரிகிறது.

மார்ச் 4, புதன்

ஐஸ் வண்டிக்காரன் வந்தபோது நான் பின்னால் குழாயடியில் இருந்தேன். திரும்பி வந்தால் பாதி ஐஸ்தான் இறங்கியிருக்கிறது. கொழுந்தன் போதும் என்று அனுப்பிவிட்டானாம். மத்தியானம் மத்தி வயிறு வெடிக்கத் தொடங்கிவிட்டது. வயிறு வெடித்த மத்தியை யார் வாங்குவார்கள்? பூனைக்குப் போட்டேன்.

"செலவ குறைக்கணும் அண்ணி. என் கடைல இனிமே இப்படித்தான்."

என் கடை. வாய் தவறி வந்ததா? தெரியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பணப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. ஆனால் இந்த வெட்டுப் பலகையை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கு? மகள் அவ குடும்பத்தோட எங்கேயோ. வீட்ல நாலு செவுரு. இங்க வந்தாத்தான் நான் ஒரு ஆளு.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து, கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "தம்பி, நாளையிலேர்ந்து நானே பாத்துக்கறேன்."

அவன் பணப்பெட்டியை மூடினான். அப்புறம், "ஈரக்கைய வச்சுக்கிட்டு எப்படி நோட்டு வாங்குவீங்க? மறுபடி கொடில கிளிப் போடுவீங்களா?" என்றான்.

"போடறேன்."

"சரி, பாருங்க. முடியலன்னா நான் வந்து உக்காருவேன். அப்ப வேண்டாம்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லிவிட்டேன். இனி பேச்சு மாற முடியாது.

மார்ச் 10, செவ்வாய்

கஷ்டம். மகள் போனில், "எல்லாரும் போன்லதான்மா பணம் வாங்கறாங்க, நீயும் வாங்கு" என்கிறாள். வந்ததா என்று பார்க்க அதையும் ஈரக்கையால்தானே தொட வேண்டும்? திரையெல்லாம் செதில். வேறு யாருக்கோ அனுப்பிய பணத்தைக் காட்டிவிட்டு ஒருத்தன் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 14, சனி

மூக்கு அரித்தது. கையில் மீன் இருந்தால் அவர்தான் துண்டால் துடைத்துவிடுவார். "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். கோழிக்கடை அண்ணன் காது கேட்காதவர் மாதிரி கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 21, சனி

நாணயம் வந்துவிட்டது. பாங்கில் கொடுத்தார்கள். பத்து கனமாக, ஓரம் வழவழவென்று இருக்கிறது. ஐந்து மெலிசு, ஓரத்தில் பல் பல்லாக இருக்கிறது. ஈரக்கையால் தடவிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிகிறது.

அப்புறம் ஒரு யோசனை. எடை போட்டு விற்றால் ஒன்றும் இரண்டுமாகச் சில்லறை கொடுக்க வேண்டிவரும். அதனால் தராசை ஓரம் வைத்துவிட்டு மீனைக் கூறு கட்டினேன். பத்துக்கு ஒரு கூறு, இருபதுக்கு ஒரு கூறு. முன்னால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி தண்ணீர். "காயின் குடுக்கறவங்க இதுல போட்டுட்டு, மிச்சம் இருந்தா நீங்களே எடுத்துக்குங்க. நான் தொடல." நோட்டு கொடுக்கிறவர்களுக்கு ஒரு கம்பி கட்டி கிளிப் மாட்டினேன். அவர்களே மாட்டிவிட்டுப் போகட்டும்.

கோழிக்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, முன்னாடி கிண்ணம் வச்சு உக்காந்துட்ட. பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"மீனு குடுக்கற பிச்சைக்காரிய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா அண்ணே?"

அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் எழுந்துவிட்டன. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒருவரைச் சிரிக்க வைத்தது இன்றுதான்.

மார்ச் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்தேன். டொளக் டொளக் என்று கிண்ணத்தில் விழும் சத்தத்தை வைத்தே பத்தா ஐந்தா என்று தெரிகிறது. நிமிர வேண்டியதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

தப்பு பண்ணிவிட்டேன். பெரிய தப்பு.

நாணயத்தில் மீன் வாடை அடிக்கிறது என்று ஒருத்தி முகம் சுளித்தாள். பலகை கழுவ மார்க்கெட்டில் தரும் ப்ளீச்சிங் பவுடர் இருக்கிறதே, பலகை வெள்ளையாகிறது, நாணயமும் பளபளக்கும் என்று ராத்திரி அதைக் கரைத்து ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் கருப்பு. அடுப்புக்கரியில் புரட்டியது போல.

கையில் வேறு சில்லறை இல்லை. அதையே கிண்ணத்தில் போட்டேன். மத்தியானத்துக்குள் ஒருத்தி திரும்பி வந்து, மிச்சமாக எடுத்துப்போன நாணயத்தைப் பலகை மேல் டங்கென்று வைத்தாள்.

"மருந்துக்கடைல வாங்க மாட்டேங்கறான். கள்ளக்காசுங்கறான். மீனு விக்கறியா, வேற எதாவது விக்கறியா?"

நாணயமே புதிது. அசல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் இன்னும் பழகவில்லை. நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. சாயங்காலம் மீன் பாதிக்கு மேல் மிச்சம்.

ஏப்ரல் 3, வெள்ளி

கொழுந்தன் வீட்டுக்கே வந்துவிட்டான். கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பேரு கெட்டுட்டா மீனு போகாது அண்ணி. அண்ணன் சம்பாதிச்ச பேரு. திங்கக்கிழமையிலேர்ந்து நான் வந்து உக்காந்துக்கறேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்."

"ஞாயித்துக்கெழம யாவாரம் ஓடலன்னா?"

"ஓடலன்னா நீ வா."

அவன் போன பிறகு அவர் படத்தைப் பார்த்து நன்றாகத் திட்டினேன். நீ பாட்டுக்குப் போய்ட்ட. எனக்கு ஒரு நோட்ட எண்ணக் கத்துக் குடுத்தியா? ஒரு தடவையாச்சும் இந்தா புடின்னு குடுத்தியா? கை ஈரம் கை ஈரம்னு பொத்திப் பொத்தி வச்ச. இப்ப பாரு.

ஏப்ரல் 4, சனி

எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கத்தி கீறிய இடமெல்லாம் எரிகிறது. கருப்பு போய் ஒரு மாதிரி பழுப்பு வந்திருக்கிறது. பளபளப்பு வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்தார்கள். மீனைப் பார்த்தார்கள், கிண்ணத்தைப் பார்த்தார்கள், நகர்ந்து போனார்கள். டீச்சரம்மா மட்டும் சரியான சில்லறை கொண்டுவந்து நெத்திலி வாங்கினார். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எதிரே டீக்கடைப் பக்கம் கொழுந்தன் நிற்கிறான்.

அப்போது கோழிக்கடை அண்ணன் கத்தியைத் துடைத்துப் போட்டுவிட்டு வந்தார். எல்லாரும் பார்க்கக் கிண்ணத்தில் கையைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்துக் கடித்தார். முகத்தைக் கோணினார்.

"அசல்தான். மீன் வாசம் மூளை வரைக்கும் போகுது. கள்ளக்காசுல இவ்ளோ நாத்தம் வராது."

கூட்டம் சிரித்தது.

"தங்கச்சி ப்ளீச்சிங் பவுடர்ல குளிப்பாட்டிருக்கு, அது கறுத்துப் போச்சு. இவ்ளோதான் விஷயம். யாருக்குச் சந்தேகமோ எங்கிட்ட குடுங்க. என் கடைல செல்லும். கோழி தரேன்."

காயினே வேண்டாம் என்று குதித்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "இருபதுக்கு ஒரு கூறு போடு. வீட்ல கோழி தின்னு சலிச்சுப் போச்சு" என்றார்.

ஒருத்தி வந்தாள். பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எனக்கு நிமிர நேரமில்லை. கடைசிக் கூறு போன பிறகுதான் டீக்கடைப் பக்கம் பார்த்தேன். கொழுந்தன் இல்லை.

ஏப்ரல் 15, புதன்

மழை. மத்தி வரவில்லை.

மே 17, ஞாயிறு

சின்ன நோட்டு இன்றோடு சரி. நாளை முதல் கடைகளில் வாங்க மாட்டார்கள், பாங்கில் மட்டும்தான். கம்பியையும் கிளிப்பையும் கழற்றிவிட்டேன்.

நோட்டு நல்லதா நாணயம் நல்லதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பஸ் கண்டக்டருக்குத் தோள் வலியாம். அடுத்த தெருத் தாத்தா ஒருவர், ஓட்டைப் பையிலிருந்து வழிநெடுக நாணயத்தைச் சிந்திக்கொண்டு வந்திருக்கிறார். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. எனக்கு வசதி, அவர்களுக்குக் கஷ்டம். என்னைக் கேட்டால் நாணயம் என்பேன். ஆனால் ஒன்று. கசங்கியது என்று ஒரு நாணயத்தை மடியில் வைத்து நீவ முடியாது. அவர் இருந்திருந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. அழவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். ஐஸ் ஃபாக்டரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆள் கொஞ்சம் கருத்திருக்கிறான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், நல்லா இருக்காங்க என்றான். பின்பக்கமாக உள்ளே வரவில்லை. முன்னால், வரிசையில்தான் நின்றான். அவன் முறை வந்தது.

"கானாங்கெளுத்தி கூறு எவ்ளோ அண்ணி?"

உனக்கு எதுக்குடா காசு, எடுத்துட்டுப் போ என்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் ஏற்கெனவே கையைப் பைக்குள் விட்டிருந்தான்.

"இருபது" என்றேன்.

கிண்ணத்தில் இரண்டு பத்து விழுந்தது.

"தலைய எடுத்துடவா, வைக்கவா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்பதுதான்.