சின்ன டர்போவையே போடு

துவாரகா, புது தில்லி
நவம்பர் 16

அன்புள்ள மேதாவுக்கு அப்பா எழுதுவது.

கால்கரிக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், புகைமூட்டத்தால் அம்மாவுக்கு இருமல் மட்டும் நிற்கவில்லை. அவள் ஸ்பீக்கரில் உன்னோடு பேசும்போது அடுத்த அறையில் நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பியதில்லை. நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்று தெரிந்தும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் கடிதமாகிவிடும், வேண்டிய இடத்தில் நான் தப்பித்துக்கொள்ளவும் செய்வேன். இதைப் படமெடுத்து அனுப்பி அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே, மெதுவாக நீயே படி.

நீ அங்கே நண்பர்களோடு மலைப்பாதைப் பந்தயத்துக்கு ஒரு வண்டி தயார் செய்கிறாய் என்றும், எஞ்சினுக்குச் சின்ன டர்போ போடுவதா பெரியது போடுவதா என்று இரண்டு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை என்றும், அப்பாவைக் கேட்டுச் சொல் என்றாய் என்றும் போன வாரம் அம்மா வந்து சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு யார் யார் மேல் கோபம் என்று உனக்குத் தெரியும். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு எனக்கு மேலே போய் உட்கார்ந்த ஜெகன், உன்னைக் கனடாவுக்கு அனுப்பி வைத்த உன் மாமா விஸ்வநாதன், கடைசியில் நீ. மூன்று வருடம் பேசாதவள் இப்போது எதற்குக் கேட்கிறாள், குத்திக் காட்டவா என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "அவ குத்திக் காட்டலைங்க, நிஜமாவே அவளுக்குத் தெரியலை. தனக்கு ஓட்டவே வராதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கையே தொடலையாம். இந்த வண்டியையும் வேற யாரோதான் ஓட்டப்போறாங்களாம்" என்றாள்.

நடந்தது உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் என் வாயால் ஒரு முறை சரியாகச் சொல்லியாக வேண்டும். நம் பழைய வண்டிக்கு நீ சின்ன டர்போதான் வாங்கி வந்தாய். சின்னதின் சக்கரம் லேசானது, எஞ்சின் விடும் புகை கொஞ்சம் பட்டாலே சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளிவிடும், மிதித்தவுடன் இழுக்கும், உச்ச வேகத்தில் மூச்சு முட்டினால் முட்டட்டும், வளைவுகள் நிறைந்த தடத்துக்கு அதுதான் சரி என்றாய். இருபத்தெட்டு வருடம் ரயில்வே டீசல் எஞ்சின்களோடு கிடந்தவன் நான், எனக்கே பாடமா என்று பெரியதைப் போட வைத்தேன். நாலு பக்கம் கணக்கு எழுதி உன் மேஜையில் வைத்தேன். கணக்கில் பிழை இல்லை, ஆனால் அது கூட்ஸ் வண்டி இழுக்கும் எஞ்சினுக்கான கணக்கு. ரயில் எஞ்சினில் கைப்பிடியை ஒரு நிலையில் வைத்தால் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும், டர்போ மெல்ல வேகம் பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காரில் காலை எடுப்பதும் வைப்பதுமாகவே இருக்கும் என்று நீ சொன்னது என் புத்தியில் ஏறவில்லை. கடைசியில் "அச்சா, நீங்க சொன்னா சரிப்பா" என்று விட்டுக்கொடுத்தாய். நொய்டா பக்கத்துத் தடத்தில், மூன்றாவது வளைவில், வண்டி திரும்பாமல் நேரே போய் டயர்ச் சுவரில் மோதியது. நீ இறங்கி நின்றபோது உன் மணிக்கட்டு வீங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. உன் குழுவில் அத்தனை பேர் முன்னாலும், "ஓட்டத் தெரியாதவளுக்கு எந்த டர்போ போட்டா என்ன" என்றேன்.

வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டதால் தில்லியில் இனி வைத்துக்கொள்ள முடியாது, நம் குடியிருப்பு சொசைட்டியிலிருந்தும் எடுக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். உடைக்கக் கொடுக்குமுன் உன் சாமான்களைக் கழற்ற மெக்கானிக் முத்துவை வரச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் நீ பொருத்தியிருந்த, வண்டியின் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பதிவுப் பெட்டியைக் கழற்றிக் கொடுத்து, இதை யாரும் பார்க்கவே இல்லையா சார் என்று கேட்டான். நான் பார்க்காததற்குக் காரணம் என் திமிர். நீ ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தேன். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாய், அவ்வளவுதான். அன்று மாலையே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். வளைவின் நடுவில் நீ ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்கவே இல்லை, சீராகத்தான் மிதித்திருக்கிறாய். டர்போ எழும்பவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரத்து ஐநூறு சுற்றைத் தாண்டியதும் ஒரே மூச்சில் அழுத்தம் ஏறி முன் சக்கரங்கள் பிடி விட்டன. அதற்குள் நீ காலையும் எடுத்துவிட்டாய். முத்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பாப்பா தப்பே பண்ணலையே. எனக்கு அன்னிக்கே சந்தேகம். சொல்ல வந்தேன், நீங்கதான் வாயைத் திறக்க விடலை" என்றான். அவன் மேலேயும் கோபப்பட ஏதாவது காரணம் இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆகவே சின்னதையே போடு. நீயே ஓட்டு. நீ அன்று வாங்கிய டர்போ பிரிக்காத பெட்டியோடு பரணில், இந்திப் பேப்பர் சுற்றியபடி இருந்தது. அம்மாவுக்கு நீ அனுப்பிய இரண்டு டர்போ படங்களில் சின்னது ஏறக்குறைய இதே அளவுதான். பெட்டியைத் திறந்து, தூசி போகாமல் டர்போவின் வாய்களை அடைத்து, மறுபடி மூடி எடுத்துக்கொண்டு, நேற்று கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு உன் மாமாவைத் தேடிப் போனேன். டிசம்பரில் அவன் அங்கே வருகிறான் அல்லவா. கதவைத் திறந்து என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் கழிச்சு வர்றீங்க அத்தான், அதுவும் இரும்போட வர்றீங்க" என்றான். அக்காவின் சாம்பார்ப் பொடியைக் குறைத்தாவது இதைக் கொண்டுபோகிறேன் என்றான். பொருந்தினால் போடு, பொருந்தாவிட்டால் வேறு வாங்கு, அளவு மட்டும் நீ சொன்னதுதான்.

பதிவின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று நான் சொன்னதைக் கேட்டு நின்ற ஐந்து பேருக்கும் இதையே அனுப்பி, தவறு என்னுடையது என்று தனித்தனியாக எழுதிவிட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இதனால் உன் மூன்று வருடம் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும்.

குளிரில் கையுறை இல்லாமல் ஸ்பானரைப் பிடிக்காதே, அந்த மணிக்கட்டுக்கு ஆகாது. ஓடி முடித்ததும் சாவியைச் சட்டென்று திருப்பாதே, டர்போ சூட்டில் இருக்கும், உள்ளே எண்ணெய் கருகிவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறியபின் அணை. மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்த அன்று நான் அந்த இரண்டு நிமிடம்கூடப் பொறுக்காமல் போனை வைத்துவிட்டேன்.

எந்தப் பாதையிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைக் கூப்பிடும்போது நான் அடுத்த அறையில் இருக்க மாட்டேன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பேசச் சொல்லி உன்னை வற்புறுத்த மாட்டேன்.

உன் அப்பா,
அழகர்சாமி