நிலானிக்குக் கொப்புளிப்பான் கண்ட நாள்

என் செல்லத் தங்கச்சி,

நீ இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. உனக்கு எழுதினால் நல்ல செய்தியோடுதான் எழுதவேண்டும் என்று இருந்தேன். முடியவில்லை. வெட்கக்கேட்டைத்தான் எழுதுகிறேன், அதுவும் நான் வேலைசெய்யும் வீடு இருக்கிற ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு.

பல்கலைக்கழகத்தில் நீ செய்த ஆராய்ச்சியை எவ்வளவு நக்கலடித்திருப்பேன்! நூறு வருடத்துக்கு முன், நாங்கள் குடியிருக்கும் இதே கால்சாப் பகுதியில் சின்னமுத்து நோய் எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டுப் பிள்ளைக்குப் போனது என்று தெருத்தெருவாகக் கோடு கீறிக்கொண்டிருந்தாய். "செத்துப்போன பிள்ளையளைத் தேடி என்னடி காணப்போறாய்? ஒரு கலியாணத்தைக் கட்டு" என்பேன். நீ சிரிப்பாய்.

ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. "இஞ்சை பார் அக்கா, இந்த வீட்டிலை வருத்தத்தை மறைச்சுப்போட்டினம். ஆஸ்பத்திரிக்காரர் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயம். பாவங்கள்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆர் சொல்லுறது?" என்றாய். "அந்தக் காலத்துச் சனம், படிப்பில்லை" என்று சொல்லிவிட்டு நான் சொதியைத் துழாவினேன்.

எனக்கு என்ன படிப்புக் குறை?

போன கிழமை என் மகள், உன் பெறாமகள் நிலானிக்குக் காய்ச்சல். பார்க்க ஆளில்லாமல் அவளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வீட்டுக்காரி சினியோராவின் மகள் வந்திருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. நிலானியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டேயிருந்தாள். அன்று மாலை சட்டை மாற்றும்போது பார்க்கிறேன், முதுகெல்லாம் நீர்க்கொப்புளம், கொப்புளிப்பான். இரண்டாவது தடுப்பூசிக்கு, வேலைநாள் என்று நான்தான் அவளைக் கொண்டுபோகவில்லை.

அம்மாள் வந்திருக்கிறா என்று மஞ்சள்தண்ணீர் வைத்தேன். அம்மாள் வீட்டில் நிற்கும்போது வருத்தத்தின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம்தானே? அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்றேன். சினியோராவுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. கர்ப்பிணிக்கு இது எவ்வளவு கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வேலை போய்விடும், வேலை போனால் இந்த நாட்டில் இருக்கத் தரும் அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது என்ற பயம். என் கோழைத்தனத்துக்கு அம்மாளைச் சாட்டினேன். நினைக்கவே கூசுகிறது.

இன்று காலை மனம் பொறுக்காமல் போன் எடுத்துச் சொன்னேன். சினியோரா திட்டவில்லை. "கொப்புளம் எப்போது கண்டது? டாக்டர் கேட்பார்" என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்று காலைதான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். கொப்புளம் காண ஓரிரு நாளுக்கு முன்னிருந்துதான் தொற்றும், அப்படியானால் போன கிழமை வந்தபோது தொற்றியிருக்காது, பயமில்லை, டாக்டரிடம் போகத் தேவையில்லை என்றார். நேரத்தோடு சொன்னதற்கு நன்றியும் சொன்னார்.

அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு போனை வைத்தேனடி.

திரும்பப் போன் எடுத்தால் என் வாய் இன்னொரு பொய்யைச் சொல்லும். அதுதான் நேரில் போகிறேன். கதவு திறந்ததும், வணக்கம் சொல்லமுன், சரியான நாளைச் சொல்லுவேன். சினியோராவின் மகளை என் கையாலேயே டாக்டரிடம் அனுப்பிவைப்பேன். வேலை போனால் போகட்டும். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் படத்துக்கு முன் நிமிர்ந்து நிற்க முடியாத,
உன் அக்கா