நாலாம் கவுண்டரில் என் நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

பேருந்தில் நின்றபடியே மளிகை ஆர்டர் போட்டேன். அரிசி, எண்ணெய், பருப்பு, வெங்காயம், துணி சோப்பு. இலவச டெலிவரிக்கு இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும் என்றது ஆப். ஒரு பல் பிரஷ் சேர்த்தேன். கூப்பனைப் போட்டதும் மொத்தம் குறைந்தது. மறுபடியும் இலவச டெலிவரிக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு பிரஷ். வீட்டில் நாங்கள் மூன்று பேர். பிரஷ் ஏழு ஆகிவிட்டது.

தங்கை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நம்ம குடும்பத்துக்குப் பல்லுதான் சொத்து."

அம்மா வேலை பார்ப்பதும் இதே சூப்பர்மார்க்கெட்டின் கிளையில்தான். மூன்றாம் கவுண்டரில் பில் போடுகிறாள், பதினோரு வருடமாக. ஆனாலும் எங்கள் சாமான் ஆப் வழியாகத்தான் வருகிறது. நாள் முழுக்க அடுத்தவர் பைகளை நிரப்பிவிட்டு, எங்கள் பையையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற அவள் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பில்லுக்கும் சேரும் பாயிண்ட் கணக்கு என் போன் நம்பரில் இருக்கிறது. படித்தவள் நான், அதனால் ஆப், கூப்பன், பாயிண்ட் எல்லாம் என் இலாகா.

மார்ச் 6, வியாழன்

ஒரு கூப்பன் பன்னிரண்டு நிமிடத் தாமதத்தில் தவறிப்போனது. இதற்கெல்லாமா வயிறு எரியும்? எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

புது வாடிக்கையாளரின் முதல் ஆர்டருக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி. போன மாதம் தங்கையின் நம்பரில் ஒரு கணக்கு திறந்து அதை வாங்கிவிட்டேன். இந்த மாதம் நம்பருக்கு எங்கே போவது?

அலமாரியில் அப்பாவின் போன் இருக்கிறது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இன்னமும் அந்த சிம்மை உயிரோடு வைத்திருக்கிறாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அதில் கணக்கு திறந்தேன். அப்பாவின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கை கொஞ்சம் நின்றது. "வாருங்கள்! உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றது ஆப். முப்பது சதவீதம் கிடைத்தது. பத்து கிலோ அரிசி.

மார்ச் 12, புதன்

அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி. "உங்களைக் காணோமே! நீங்கள் இல்லாமல் எங்களுக்கு வெறுமையாக இருக்கிறது. திரும்பி வந்தால் இருபது சதவீதம்."

அழித்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

என் வேலை இதுதான்: மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து படிவங்களில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பது. கையெழுத்து மாறியிருக்கிறதா, தேதி இடிக்கிறதா, ஒரே பல்லை இரண்டு முறை பிடுங்கியிருக்கிறார்களா. நன்றாகவே செய்கிறேன் என்கிறார்கள். அப்படிப்பட்டவள், எங்கள் பாயிண்ட் நாங்கள் வாங்கும் சாமானைப்போல் மூன்று மடங்கு ஏறுவதை ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

இன்று மாலை கேட்டேன். அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலாம் கவுண்டர் பெரியம்மா உன் நம்பரை அடிக்கிறாங்க. நான் அவங்க மருமக நம்பரை அடிக்கிறேன்." பெரியம்மா எங்களுக்கு உறவில்லை; அம்மாவோடு பில் போடுபவர், வயதில் மூத்தவர்.

"எந்த பில்லுக்கு?"

"பாயிண்ட் நம்பர் இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு போறவங்க இருக்காங்கல்ல, அந்த பில்லுக்கு. யாருக்கும் போகாத பாயிண்ட்தானே."

"அப்போ எதுக்கும்மா மாத்தி மாத்தி அடிக்கறீங்க?"

அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நம்ம நம்பரை நாமளே அடிச்சா திருட்டுடி. அடுத்தவங்களுக்கு அடிச்சா அது உதவி."

தப்பும்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பாயிண்டில் வாங்கிய எண்ணெயில்தான் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. தட்டுகளை எடுத்து வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

மதிய இடைவேளையில் மெயில் வந்தது. கணக்கு முடக்கப்பட்டுள்ளது. ஒரே முகவரியில் மூன்று கணக்குகள், முதல் ஆர்டர் சலுகை மூன்று முறை. அதைத் தோண்டப் போனவர்கள் மற்றதையும் பார்த்துவிட்டார்கள் — என் கணக்கில் ஐந்து மாதங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு கடை பில்கள். அத்தனையும் நான்காம் கவுண்டரில் போடப்பட்டவை.

கடைசியில் ஒரு படிவம். "இந்த எண்ணைப் பதிந்த பணியாளரை உங்களுக்குத் தெரியுமா? ஆம் / இல்லை. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். இந்த வரியை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அனுப்புகிறேன். நமக்கே வந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நான் மட்டும் கூப்பனுக்குப் பேராசைப்படாமல் இருந்திருந்தால் யாரும் இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள். பெரியம்மாவின் மருமகள் கூப்பனெல்லாம் போடுவதில்லை. அவள் கணக்கை யாரும் பார்க்கவில்லை. அதனால் அம்மாவின் கவுண்டர் சுத்தம். மாட்டிக்கொண்டது பெரியம்மா. எங்களுக்காக அடித்த பில்லுக்கு.

மார்ச் 19, புதன்

கடை மேனேஜரை அம்மாவும் பெரியம்மாவும் 'டை' என்றுதான் சொல்வார்கள். எந்த வெயிலிலும் டையைக் கழற்றமாட்டாராம். இன்று டை பெரியம்மாவை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம்.

"யாரு நம்பர் இதுன்னு கேட்டாராம்," என்றாள் அம்மா. "தெரியாது, கஸ்டமர் சொன்னாங்க, அடிச்சேன்னு சொல்லியிருக்காங்க."

"உன் பேரைச் சொல்லலையா?"

அம்மா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். தூங்கவில்லை என்பது தெரிந்தது.

மார்ச் 20, வியாழன்

படிவத்தில் 'இல்லை' என்று குறியிட்டு வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

இந்த மாதிரிப் படிவங்கள் எப்படிப் படிக்கப்படும் என்று எனக்குத் தெரியும். விளக்கப் பகுதியில் மூன்று பக்கம் அழுதாலும் ஒருவரும் படிப்பதில்லை. நான் படிப்பதில்லை. குறியிட்ட கட்டத்தை மட்டும் பார்ப்போம். 'இல்லை' என்றால் என் கணக்கை மூடுவார்கள், பாயிண்ட் போகும், அதோடு சரி. மிச்சமெல்லாம் நான்காம் கவுண்டர் பாடு. 'ஆம்' என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்; பதில் அம்மா.

"அனுப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லை."

"நாள் இருக்கில்ல."

"இருக்கு."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம், ஈரத் தரையில் கால் படாமல் நடப்பதுபோல.

மார்ச் 22, சனி

இன்று மாலை பெரியம்மா வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்கு வந்த நோட்டீஸ்.

"இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு கண்ணு. இங்கிலீஷ்ல. நீ எழுதினா மரியாதையா இருக்கும். நான் எழுதினா லாண்டரி சீட்டு மாதிரி இருக்கும்."

அம்மா சமையலறையில் இருந்தாள். குழாயை மூடிவிட்டாள். கேட்கிறாள் என்று புரிந்தது.

"என்ன எழுதணும் பெரியம்மா?"

"கஸ்டமர் நம்பர் சொன்னாங்க, அடிச்சேன், யாருன்னு தெரியாது, மன்னிச்சிடுங்க. அவ்ளோதான்."

"இருநூத்திப் பன்னெண்டு தடவையா?"

பெரியம்மா சிரித்தார். "எனக்கு ஞாபக மறதின்னு எழுது. வயசாச்சுல்ல." பிறகு குரலைத் தணித்தார். "உனக்கும் மெயில் வந்திருக்கும். தெரியாதுன்னு போட்டு அனுப்பிடு. ஒரு படகுல ரெண்டு பேரும் எதுக்கு முழுகணும்?"

அவருக்கு வேலையில் இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. அதை முடித்தால் மொத்தமாக ஒரு பணிக்கொடை வரும். நடுவில் நீக்கினால் ஒன்றும் கிடையாது. இதை அவர் சொல்லவில்லை. நோட்டீசின் மூன்றாவது பத்தியில் இருந்தது. அவரால் அதைப் படிக்க முடிந்ததோ என்னவோ.

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். நான் சொல்லும் பொய்யையும் அதற்காக அவர் சொல்லும் பொய்யையும் ஒரே பேனாவால் எழுதப்போகிறேன். நல்ல படிப்பு படித்தேன்!

போகும்போது சமையலறை வாசலில் நின்று, "ஏண்டி, விருந்தாளி வந்தா ஒரு காபி கிடையாதா?" என்றார். அம்மா முகத்தைக் காட்டாமல், "பால் இல்லைக்கா," என்றாள். பால் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் அம்மா, "பேப்பர் எடு," என்றாள்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். மூன்று கணக்கு, முதல் ஆர்டர் கூப்பன், எல்லாம் என்னால்தான் வந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அப்பா நம்பரையும் சொன்னேன்.

"தெரியும். அந்த போனை தினம் சார்ஜ் போடறது யாருன்னு நெனச்சே?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உசுரோட இருந்தப்போ ஒரு கடைல பேரம் பேசினதில்லை அந்த மனுஷன். அவர் பேர்ல போய் தள்ளுபடி வாங்கியிருக்கே," என்றாள். சிரித்தாளா, இல்லையா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்.

"ஆமான்னு போடு. நான்தான் நாலாம் கவுண்டர்ல சொன்னேன். என் பொண்ணு நம்பர், அடிச்சு விடுங்கன்னு நான்தான் கேட்டேன். வயசுல பெரியவங்க, மறுத்துப் பேசத் தெரியாம அடிச்சாங்க."

"மருமக நம்பரை நீ அடிச்சது?"

"அதை யாரும் கேக்கலைல்ல? கேக்காததுக்குப் பதில் எழுதுவியா நீ?"

"அம்மா, வேலை போயிடும்."

"போகும்."

"அவங்களுக்குப் போகாம உனக்கு மட்டும் ஏன்—"

"அவங்களுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு நீ இருக்கே."

என்ன சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு நீ இருக்கே. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வார்த்தை எனக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. என் சம்பளத்தில் மூன்று பேரா? முடியுமா? முடியலன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கா? இல்லை. எப்பவும் இல்லை.

எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "அவங்க பேருக்கு முன்னாடி என் பேர் வரட்டும்."

மார்ச் 24, திங்கள்

அனுப்பிவிட்டேன். காலை எட்டு நாற்பதுக்கு. பெரியம்மாவின் பதிலையும் அதற்குத் தகுந்த மாதிரி எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டாராம்.

ஏப்ரல் 3, வியாழன்

அம்மாவை நீக்கிவிட்டார்கள். பெரியம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம்.

டை கை குலுக்கினாராம். "பதினோரு வருஷத்துல முதல் தடவை. கை ஈரமா இருந்துச்சு," என்றாள். சீருடையைத் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். தங்கை தேய்த்துக் கொடுத்தாள். காலர் மடிப்பில் கறை போகவில்லை. போகவே இல்லை, மூன்று முறை துவைத்தும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆபீசில் ஒருவரின் விளக்கக் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். நாலு பக்கம். மனைவியின் அறுவை சிகிச்சை, தொலைந்த ரசீது, மூடிப்போன மருந்துக்கடை. எல்லாம் உண்மை மாதிரிதான் இருந்தது. 'அசல் ரசீது தொலைந்ததா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறியிட்டிருந்தார்.

நிராகரித்துத் திருப்பி அனுப்பினேன். வேறு வழி இல்லை. படித்தேன் என்பதைத் தவிர ஒன்றும் மாறவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா வீட்டில் இருக்கிறாள். ஜாடிகளைத் துடைக்கிறாள். துடைத்ததையே துடைக்கிறாள். பெரியம்மா ஒரு தடவைகூட வரவில்லை, போன் இல்லை. அம்மாவும் செய்யவில்லை. விஷயம் தெரிந்து கோபமா, வெட்கமா? எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

மே 4, ஞாயிறு

மதியம் கதவு தட்டும் சத்தம். பெரியம்மா. சீருடையிலேயே வந்திருந்தார், காலை ஷிப்ட் முடித்து நேராக. உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"உன்னை யாருடி கேட்டா? நான் கேட்டேனா? என் பதில்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு மாசம் கழிச்சு மருமக படிச்சுச் சொல்றா. மறுத்துப் பேசத் தெரியாதவளாம் நான்! என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

"உக்காருக்கா," என்றாள் அம்மா.

"உக்கார மாட்டேன்."

"முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தங்கை என்னை இடித்தாள். நான் அவளை முறைத்தேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். "என் சீட்ல யாரு?"

"ஒரு சின்னப் பொண்ணு. டிகிரி முடிச்சிருக்காளாம். பாயிண்ட் நம்பர் இருக்கான்னு கேக்கறதுக்கே வெக்கம். உதட்டுக்குள்ளயே கேக்கறா. கஸ்டமருக்குக் காதே கேக்கல."

"வெக்கம் போகும்னு சொல்லு. எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

"உனக்கா? வெக்கமா?" பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள். ஒரு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"அந்த நாற்காலிக்கு இடது பக்கம் ஒரு திருகு இருக்கும்," என்றாள் அம்மா. "அதைத் தளர்த்தி உயரத்தைக் குறைச்சுக்கச் சொல்லுக்கா. இல்லைன்னா சாயங்காலம் முதுகு பிடிச்சுக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க."

பெரியம்மா தலையாட்டினார். நான் எழுந்து போய்க் காபிக்குப் பால் காய்ச்சினேன், நாலு பேருக்கு.